ஏழாவது பெயர்

"ஜாத்?" என்று ஜாதியைக் கேட்டார், ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வங்காளி பாபு.

1911 மார்ச். கல்கத்தா பவானிபூரில் அந்த மெஸ்ஸில் தங்கியிருந்தவர்கள் ஏழு பேர். எல்லாரும் மதராஸ் பக்கத்து குமாஸ்தாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் ஒருவர் விடாமல் முற்றத்தில் இருந்தார்கள்.

ஆறு பேர் சொல்லியாயிற்று. முதலியார், பிள்ளை, நாயுடு. பாபு எழுத்துக் கூட்டிக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

ஏழாவது ஆள் திருவேங்கடம்.

நான்கு வருஷமாக அங்கே அவன் நாயுடு. மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் நெற்றியில் நாமமும் இருந்தன. அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

சில வாரங்களாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவைத்திருந்தான்.

ஊரில் சேரிக்காரர்களின் சங்கத்தார் சேரி சேரியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது அவன் காதுக்கும் எட்டியிருந்தது. பயந்துகொண்டு வேறு ஜாதி சொல்லாதீர்கள். சர்க்கார் கணக்கில் நாம் இருந்தால்தான் பள்ளிக்கூடம் கேட்கலாம், கிணறு கேட்கலாம்.

அவன் வாய் திறப்பதற்குள், மெஸ்ஸை நடத்தும் பாலசுப்ரமணிய முதலியார் அவனுக்காகப் பதில் சொன்னார். நாயுடு.

"இல்லை," என்றான் திருவேங்கடம். "பறையன்."

பாபுவுக்கு அது புது வார்த்தை. எழுத்துக் கூட்டச் சொன்னார்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். மூன்றாவது எழுத்தில் குரல் நடுங்கியது. கடைசி எழுத்தில் நடுக்கம் இல்லை.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பாபு மையை ஒற்றி எடுத்தார். குடையை இடுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று திருவேங்கடத்துக்குத் தோன்றியது.

யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

முதலியார் சிரிக்கப் பார்த்தார்.

"என்ன நாயுடு, விளையாடறியா? பொங்கலுக்கு மறுநாள் வந்தானே அந்தப் பறையன் எல்லப்பன், அவன் நம்ம சொம்புல தண்ணி குடிச்சுட்டான்னு தெரிஞ்சதும் மொதல்ல செருப்பைக் கழட்டினது நீதானே?"

"நான்தான்."

"அப்புறம்?"

உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். திருவேங்கடம் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு நாள் ரயில்ல வந்தான். நீங்க அத்தனை பேரும் கேட்டீங்க, நானும் கேட்டேன். யாரைப் பாக்க வந்தேன்னு தெருவுல விழற வரைக்கும் அவன் சொல்லலை," என்றான். "எங்க அண்ணன்."