கண்ணீர் அஞ்சலி, 1985

"பெத்தவ உசுரோட நிக்கையில அவளுக்குக் கண்ணீர் அஞ்சலியா? நீயெல்லாம் ஒரு பொம்பளப் புள்ளையா?"

இருளப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. சின்னாளபட்டியில் பகல் வேளையில் தறி சும்மா நிற்காது.

பவித்ரா கையில் போஸ்டருடன் விறைத்துப்போய் நின்றாள். கறுப்புக் கட்டம். நடுவில் இரட்டைச் சடையுடன் அம்மா நாகஜோதியின் படம், ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது. கீழே, 'மறைவு: 12.3.1985'. தேயிலைத் தண்ணீரில் நனைத்து, பழசாகத் தெரியவேண்டும் என்று காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்தா தாய்மாமன் காய்கறிப் பையோடு உள்ளே வரவேண்டும்?

"மாமா, இது எங்க படத்துக்கு. காலேஜுல கடைசி வருஷ ப்ராஜெக்ட்."

"என்ன படம்?"

கூடத்தில் பேப்பர்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த பரணியும் ஐரினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரணி கேமரா. ஐரின் உடை, அலங்காரம். பரணிதான் துணிந்து வாயைத் திறந்தான்.

"த்ரில்லர் சார். எம்பத்தஞ்சுல நடக்குது. வெளியூர் போனவன் திண்டுக்கல் ஸ்டேஷன்ல வந்து எறங்குறான். சுவத்துல அவன் பொண்டாட்டிக்கே அஞ்சலி போஸ்டர். அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்கு ஓடுனா, அவ தோசை ஊத்திக்கிட்டு இருக்கா."

மூன்று மாதத் திட்டம். டயல் போன் கிடைத்துவிட்டது. வால்வு ரேடியோ கிடைத்துவிட்டது. நீளக் காலர் சட்டைகளை ஐரினே தைத்துவிட்டாள். செல்போன் டவர் கண்ணில் படாத ஒரு தெருவுக்காகப் பரணி பத்து நாள் பைக்கில் அலைந்தான். நாளைக் காலை ஷூட்டிங். திங்கட்கிழமை படத்தைக் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

"தூ! உசுரோட இருக்கவளுக்குப் போஸ்டர் அடிக்க எந்தக் கிறுக்கனுக்காச்சும் மனசு வருமா? கை கூசாது?"

இருளப்பன் போஸ்டரைப் பிடுங்கினார். படத்தைப் பார்த்ததும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்புட்டுக் கோபம் என்று நினைத்துக்கொண்டாள் பவித்ரா.

நாலாகக் கிழித்துப் போட்டார்.

பவித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காதுகுத்தின்போது மடியில் உட்காரவைத்துக்கொண்ட மாமா. இதுவரை ஒரு அதட்டல் போட்டதில்லை. அவரே இப்படிக் குதிக்கிறார் என்றால், தான் செய்தது பெரிய பாவம்தானோ?

"அம்மாகிட்டக் கேட்டுத்தான் மாமா போட்டோவ எடுத்தேன்."

"அவ வெள்ளந்தி, சரின்னுருப்பா. உனக்கு எங்க போச்சு புத்தி? இந்தச் சினிமாப் படிப்பு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். நாளையில இருந்து காலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். தை மாசத்துக்குள்ள உனக்கு மாப்பிள்ளை பாக்குறேன்."

அந்த வீட்டில் மாமா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நெய்த சேலைகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருக்கும் அப்பா, இங்கே இருந்திருந்தாலும் தலையாட்டியிருப்பார். ஐரின் சத்தமில்லாமல் பேப்பர்களை அடுக்கத் தொடங்கினாள்.

சமையல்கட்டு வாசலில் நாகஜோதி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"ஏண்ணே கிழிச்சீங்க?"

"பின்ன? மாலை போட்டுக் கும்பிடச் சொல்றியா? வீட்டுக்கு ஆகுமா இது?"

"படிப்ப நிப்பாட்டுற அளவுக்கு அவ என்ன செஞ்சுட்டா?"

"இதுக்கு மேல என்ன செய்யணும்?"

நாகஜோதி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் எட்டாக மடித்த காகிதம்.

இருளப்பனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜோதி... வேணாம்த்தா. புள்ள முன்னாடி வேணாம்."

அவர் குரல் அப்படி இறங்கிப் பவித்ரா கேட்டதேயில்லை.

"நானும் வேணாம்னுதாண்ணே இத்தன வருசமா காட்டல. மாமா மேல அவளுக்கு இருக்க பிரியம் கொறஞ்சிரக் கூடாதுன்னு பொத்தி வச்சேன். இன்னைக்கு நீங்க அவ படிப்புல கைய வைக்கிறீங்க."

நாகஜோதி மகள் பக்கம் திரும்பினாள்.

"நான் உங்கப்பாவ நம்பி இந்த ஊருக்கு வந்த மூணாம் நாளு, இது எங்க ஊரு தாடிக்கொம்பு பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருந்துச்சு. உங்கப்பாதான் உரிச்சிட்டு வந்தாரு. தேதிய மட்டும் மறைச்சுக்க. நாளைக்கு ஷூட்டிங்குக்கு இத எடுத்துட்டுப் போ."

பவித்ரா மடிப்புகளைப் பிரித்தாள். காகிதத்தின் முதுகில் சுவரின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது.

அதே இரட்டைச் சடை. அதே ஹால் டிக்கெட் படம்.

'மறைவு: 9.6.2003'. வருஷா வருஷம் அம்மாவும் அப்பாவும் கல்யாண நாள் என்று கோயிலுக்குப் போகிற தேதி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி குனிந்து, அடியில் கொட்டை எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

'கண்ணீருடன், உடன்பிறந்த அண்ணன் இருளப்பன்.'