அம்மா என்ற குரல்

போனில் மகன் குகன் அழுதான். "அம்மா, வண்டி மோதிடுச்சும்மா. போலீஸ் புடிச்சு வச்சிருக்காங்க. உடனே பணம் அனுப்பும்மா."

மங்கையர்க்கரசி பணம் அனுப்பும் செயலியில் ரகசிய எண்ணை அழுத்தினாள். கடைசி இலக்கத்தில் விரல் நின்றது. குரல் அவனுடையதுதான், அந்த மூக்கடைப்பு உட்பட. ஆனால் குகன் அவளுடைய தம்பிகளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன், அவர்களைப் போலவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரு தடவையாவது அம்மான்னு சொல்லுடா என்று கெஞ்சியிருக்கிறாள். "போக்கா" என்று சிரித்துவிடுவான்.

விரலை எடுத்தாள். "நீ எம்புள்ள இல்ல."

"சத்தியமா நான்தாம்மா. அடிக்கிறாங்கம்மா."

துண்டித்துவிட்டுக் குகனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பெருவிரல் நகத்தைக் கடித்தாள்.

"என்னக்கா? மீட்டிங்ல இருக்கேன்."

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா. வைக்கிறேன்."

உடனே, மகன் குரலை நகலெடுத்துப் பேசிய அந்த எண் மறுபடியும் அழைத்தது. எடுத்தாள்.

"அம்மா..."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு பைசா வராது," என்றாள். "அம்மான்னு கூப்பிடறதுன்னா கூப்பிட்டுக்கிட்டே இரு."