குழாயடி விளக்கு

மறுபடியும் விளக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

தையற்காரர் ஷாஹுல் ஹமீதுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? சாந்தோம் பக்கத்து அந்தச் சந்துக்குக் குழாயும் விளக்கும் வருவதற்குள் அவர் செருப்புத் தேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் மிஷின் மேலேயே கிடக்க, மனுஷர் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

குழாய் டிபார்ட்மெண்டில் கேட்டால், "விளக்குக்காரர்களைக் கேளும்" என்றார்கள். விளக்கு டிபார்ட்மெண்டில் கேட்டால், "குழாய் எங்கே வருகிறதென்று தெரிந்துகொண்டு வாரும்" என்றார்கள். கடைசியில் இரண்டு பேரையும் ஒரே நாளில் சந்துக்குள் கூட்டிவந்து நிறுத்தினாரே, அதுதான் சாமர்த்தியம்.

சந்து ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. குப்பத்து ஆட்கள் பள்ளம் தோண்டினார்கள். சாயிபு வீட்டு ஆண்கள் கல் சுமந்தார்கள்.

"எல்லாரையும் கேட்டாச்சு சார். குழாய் இங்கே, விளக்கு அதுக்கு நேர் மேலே" என்று இடம் காட்டினவரும் ஷாஹுல் ஹமீதுதான். குழாயடி அவர் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

அப்படி வந்த கிருஷ்ணாயில் விளக்கை யாரோ தினமும் விடியுமுன் அணைத்துவிட்டுப் போகிறார்கள். போதாக்குறைக்குக் கண்ணாடி வேறு போகிறது.

விளக்கு ஓவர்சியர் அன்று காலையிலேயே வந்துவிட்டார்.

"இதோ பாரும் சாயிபு, இன்னொரு கண்ணாடி போனால் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் வேறே தெருவிலே நட்டுவிடுவோம். வேணும் வேணும் என்று ஆயிரம் தெரு கேட்கிறது."

"யாருன்னு எனக்குத் தெரியும் சார். அந்தக் கண்ணாடியை மோந்து பாருங்க."

ஓவர்சியர் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மீன் கவுச்சி.

சொல்லி வைத்தாற்போல, மீன் விற்கும் கெங்கம்மா காலிக் குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். இருட்டோடு கடற்கரைக்குப் போய் மீன் எடுக்கிறவள். வாய்க்கு அந்த வட்டாரமே பயப்படும்.

"நில்லு கெங்கம்மா. விளக்கு மேலே கை வெச்சது யாரு?"

"நான்தான் பாய்."

இல்லை என்று சாதிப்பாள், நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தார் ஷாஹுல் ஹமீது.

"ஈரச் சாக்கைக் கொம்புல மாட்டி மேல போத்தினேன். சூட்டுல கண்ணாடி பட்டுனு விட்டுக்கினு பூட்ச்சி. ஒடைக்கணும்னு இல்ல."

"அதான், எதுக்கு அணைக்கிறே?"

"எனுக்கு வெளிச்சம் ஆவாது."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷாஹுல் ஹமீதுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கொழுப்பைப் பாருங்க சார். சந்தே கூடிக் கொண்டு வந்த விளக்கு, இவளுக்கு ஆவாதாம். இனிமே இந்தக் குழாய்லே இவ தண்ணி பிடிக்கக் கூடாது. எழுதிக்குங்க."

கெங்கம்மாவின் முகம் மாறிவிட்டது. இடுப்புக் குடத்தை இறுக்கிக்கொண்டாள்.

"பாய், குப்பத்துக் கெணறு உப்பு. மவ புள்ள பெத்து ஊட்ல படுத்துக்கினு கீது. குடிக்கிற தண்ணில கைய வெக்காத."

"அப்போ காரணத்தைச் சொல்லு."

அவள் கண் ஒரு கணம் ஷாஹுல் ஹமீதின் வீட்டு வாசல் படுதா மேல் போய்த் திரும்பியது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. எழுதிக்க."

ஓவர்சியர் பென்சிலை எடுத்தார்.

"எழுத வேணாம்னு சொல்லுங்க."

படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். ஷாஹுல் ஹமீதின் மனைவி கைசர் ஜஹான். அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த நாளாக அவள் குரலை அந்நிய ஆண் யாரும் கேட்டதில்லை. வீட்டில் உருதுதான். ஓவர்சியருக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் பேசினாள்.

"உள்ளே போ" என்றார் ஷாஹுல் ஹமீது.

"போறேன். அந்தம்மாவை அணைக்கச் சொன்னது நாங்கதான். நம்ம ஊட்டுப் பேரு, நாலு கோஷா ஊட்டுப் பேரு தெருவுக்கு வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தோம். அதான் அது வாயைத் திறக்கலே."

"நீங்களா? எதுக்கு?"

"குழாய் வந்த அன்னிக்கே ஊட்டுக்குத் தண்ணி ஊத்தின தண்ணிக்காரனை நிறுத்திட்டீங்க. 'விடியறதுக்கு முந்தி இருட்டுலே போய்ப் பிடிச்சுக்குங்க, யாரு பாக்கப் போறா'ன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த நேரத்துக்குத்தான் கட்டுமரத்து ஆளுங்க அந்தப் பக்கம் போறாங்க. இப்ப குழாய்க்கு நேர் மேலேயே விளக்கு. நீங்க சொன்ன இருட்டு எங்கே இருக்கு?"

கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் சமாளிச்சிக்கினு இருந்தேனே. நீ இன்னாத்துக்குமா வாயத் தொறந்தே?"

ஓவர்சியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"எல்லாரையும் கேட்டுத்தான் இடம் காட்டினேன் என்றீரே, சாயிபு?"

ஷாஹுல் ஹமீது கெங்கம்மாவின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டார். பிறகு படுதாவண்டை போய் நின்றார்.

"விளக்கை எங்கே வைக்கலாம், சொல்லு" என்று, குழாயில் தண்ணீர் எடுக்கிறவளை முதல் தடவையாகக் கேட்டார்.