சிவப்பு, பச்சை, நீலம்

திலகவதிதான் முதலில் கத்தினாள்.

"ஐயோ, ஓடியாங்க! அதோ பாருங்க, டுரோன்!"

மார்கழி மாசம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, நெல் வயலுக்கு மேலே, ஒரு வெளிச்சம். ஒரு நொடி சிவப்பு, அடுத்த நொடி பச்சை, உடனே நீலம். மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டே இருந்தது.

'டுரோன் உட்டு ஊடு ஊடா நோட்டம் பாக்குறானுங்க, அப்பால வந்து கழுத்தறுத்துட்டுப் போறானுங்க' என்று ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது.

தெருவே கூடிவிட்டது. பாதிப் பேர் கையில் கட்டை.

"அங்க ஒருத்தன் போனைத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறான்டா!" என்றான் பக்கத்து வீட்டு வெங்கடேசன்.

வரப்பில் நின்றவன் கம்பெனியில் வேலை செய்யும் வடநாட்டு ஆள். சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார்கள்.

"அண்ணா, நான் இல்லே... ரூம்ல டவர் இல்லே... வீட்டுக்குப் பேசறது..."

"பொய் சொல்றான்! அதான் ரிமோட்டு, புடுங்குடா!"

வெங்கடேசன் போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தான். சில்லு சில்லாகத் தெறித்தது.

திலகவதி மறுபடி வயல் பக்கம் பார்த்தாள். வெளிச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே சிவப்பு, அதே பச்சை, அதே நீலம். ஐயோ, இது அடிவானத்தில் நிறம் மாறி மாறி மினுக்கும் நட்சத்திரம்!

சொல்ல வாயெடுத்தாள். ஓங்கிய கட்டைகளைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் அவள் புருஷன் கலியன். மாட்டைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன். வந்த வேகத்தில் அந்த ஆளின் கன்னத்தில் பளார், பளார் என்று இரண்டு அறை.

"எங்க ஊருக்கே வந்து வேவு பாக்குறியா? நட போலீசுக்கு! எவனும் கை வெக்காதீங்க, இவனை நான் பாத்துக்கறேன்!"

கழுத்தைப் பிடித்துத் தள்ளி, பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கூட்டம் விசிலடித்தது.

திலகவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம்?

அவர் திரும்பி வந்தபோது வாசலிலேயே மறித்தாள்.

"அவனைப் போலீஸ்ல குடுத்துட்டீங்களா?"

"இல்ல. கம்பெனி கேட்டாண்ட எறக்கி உட்டேன். என் போன்ல அவன் ஊட்டுக்குப் பேசினான்."

"அது டுரோன் இல்லைங்க. நட்சத்திரம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அடிச்சீங்க?"

கலியன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நட்சத்திரம்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அத்தினி கட்டையும் அவன் மண்டையில எறங்கியிருக்கும் திலகா. மொத அடி என்னோடதா இருந்ததாலதான், ரெண்டாவது ஆளு அடிக்கறதுக்கு முன்னாடி அவனைத் தூக்கிக்கினு போவ முடிஞ்சுது."