இத்தாலிக் கார்

கோகுலநாதன் ஒரு பழைய காரின் அடிச்சட்டத்தில் ஃபைபர் உடலைப் பொருத்தி அந்தச் சிவப்புக் காரைத் தன் ஷெட்டிலேயே கட்டினான். ஊரிலும் உறவிலும் இத்தாலியிலிருந்து இறக்கியது என்று சொல்லி வைத்தான். ஒரு கல்யாணத்துக்கு அதில் போனபோது, மண்டபத்து வாசலில், உச்சி வெயிலில், உள்ளிருந்து கதவைத் திறக்கும் கம்பி அறுந்து அவன் கையோடு வந்துவிட்டது. மறுபக்கக் கதவு வெறும் ஒப்புக்கு. கண்ணாடிகள் இறங்காதவை. ஹாரனும் அடிக்கவில்லை.

அதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவன் கண்ணாடியைத் தட்டினான். எல்லோரும் சிரித்துக் கையசைத்து, காரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அனல் ஏறிக்கொண்டே போனது. கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிவிட்டது.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும் அவன் முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு செங்கல்லை எடுத்து வந்தாள்.

"அண்ணனுக்கு மூச்சு முட்டுதுங்க. ஒடைச்சுப் போடலாமுங்க."

அவன் மச்சினன் வேலுமயில் பாய்ந்து வந்து தடுத்தான். "ஐயோ, கை வெச்சுறாதீங்க! அந்தக் கண்ணாடி இத்தாலியில இருந்து வரோணும். மச்சான் சும்மா வெளையாடறாரு."

"இது டூப்ளிகேட்டுடா வேலு, ஒடைடா!" முதல்முறையாக அதை ஒருவரிடம் சொன்னான் கோகுலநாதன். குரல் உதட்டைத் தாண்டவில்லை.

வேலுமயில் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டான். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"பாருங்க, துளி சத்தம் வெளிய வரல. இதுதானுங்க ஒரிஜினல்!"

கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். செங்கல்லைக் கீழே போடவில்லை.