பின்னால் வரும் வண்டி

"ஒரே ஒரு தடவை நீங்க சேத்துல மாட்டிக்கணும் டாக்டர். அது போதும்."

பல் டாக்டர் காப்பிக் குவளையை ஜீப்பின் மூக்கின்மேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். காட்டுப் பாதைகளில் ஜீப் ஓட்டுவோரின் கிளப்புக்குப் பதினோரு ஆண்டுகளாக அவர்தான் தலைவர். இப்படியொரு விண்ணப்பம் அவரிடம் இதுவரை வந்ததில்லை.

"மாட்டாம இருக்கறதுக்குத்தாம்மா எல்லாரும் எங்கிட்ட யோசனை கேப்பாங்க."

"அவருக்காகத்தான் கேக்கறேன்."

அவள் கண் காட்டிய இடத்தில் அவளுடைய கணவன் கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். சென்ற ஆண்டு வேலையின்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவன். நேற்று மாலை முகாமுக்கு வந்து சேர்ந்ததும், கூடாரம் அடிக்க அவன் எடுத்த சுத்தியலை நான்கு பேர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். நால்வருக்கும் தனித்தனியே நன்றி சொன்னான்.

"ஒரு வருஷமா எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கார் டாக்டர். தூக்கி உக்கார வச்ச நர்ஸுக்கு, பையைத் தூக்கிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு... காலையில சாக்ஸ் எடுத்துக் குடுத்தேன், எனக்குத் தேங்க்ஸ் சொல்றார். கட்டின பொண்டாட்டிக்கு! அவருக்கு யாராவது ஒருத்தர் நன்றி சொல்லி நான் கேக்கணும்."

டாக்டர் தாடியைச் சொறிந்தார். கிளப்பில் ஒரு விதி உண்டு. ஒரு வண்டி மாட்டிக்கொண்டால், அதற்கு அடுத்துப் பின்னால் வரும் வண்டிக்காரர்தான் அதை மீட்க வேண்டும். அவர் கேட்டாலொழிய மற்றவர்கள் கை வைக்கக் கூடாது.

"சரி. இன்னிக்கு உங்க வண்டி எனக்குப் பின்னாடி வரட்டும். இடத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க சிரிச்சுக் காட்டிக் குடுத்துடாதீங்க."

"ரொம்ப நன்றி டாக்டர்."

"பாருங்க, குடும்பத்துக்கே அந்த வியாதி இருக்கு."

பத்து மணிக்கு ஒன்பது வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. பின்னிருக்கையில் இருந்த மகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கருத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நம்ம வண்டி இருமுது."

"இருமலைம்மா, மூச்சு வாங்குது. ஏத்தம்ல."

"உன்னை மாதிரியாப்பா?"

"வாயாடி."

ஏற்றம் முடிந்து பாதை ஓர் ஓடையின் கரையோரமாக வளைந்தது. அங்கே முன்னால் சென்ற டாக்டரின் ஜீப் திடீரென்று வலப்பக்கம் சாய்ந்தது. கரைமண் சரிந்து, இரண்டு சக்கரங்கள் சேற்றில் இறங்கின. டாக்டர் வேகம் கொடுத்தார். சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன; ஜீப் இன்னும் சாய்ந்தது.

"ஐயோ, டாக்டர் அங்கிள் மாட்டிக்கிட்டார்!" என்று மகள் கத்தினாள்.

முன்னிருக்கையில் அவளுடைய அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் இடப்பக்கக் கதவின் வழியாக ஏறிக் குதித்தார். மூக்குக்கண்ணாடி கோணலாக இருந்தது. முகம் வெளுத்திருந்தது. நாடகத்தில் சேர்ந்திருந்தால் இவர் பல் பிடுங்கிப் பிழைக்க வேண்டியிருந்திருக்காது என்று அவள் நினைத்தாள்.

"நேரா பெல்ட்டைக் கட்டி இழுத்துடலாமா? இல்ல, ரிவர்ஸ்ல இன்னொரு தடவை..."

"முதல்ல ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காதீங்க" என்றான் அவள் கணவன். அந்தக் குரலை அவள் கேட்டு ஓராண்டு ஆகியிருந்தது. "நேரா இழுத்தா ஓடைக்குள்ள உருண்டுடும். இடப்பக்க மேட்டுல இருக்கு பாருங்க மரம், அதுல கப்பியைக் கட்டி, அது வழியா நம்ம வண்டியால இழுக்கணும். எல்லாரும் கயித்தை விட்டுத் தள்ளி நில்லுங்க."

பின்வண்டிகளிலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவர், "கை குடுக்கட்டுமா?" என்றார்.

"கேட்டா குடுங்க."

மரப்பட்டை அறுபடாதபடி அகலமான பெல்ட்டைச் சுற்றிக் கப்பியை மாட்டினான். கயிற்றைக் கப்பியில் கோத்து, ஒரு முனையை ஜீப்பிலும் மறுமுனையைத் தன் வண்டியிலும் கட்டினான். லிஃப்டின் கம்பிவடத்தைச் சோதிப்பதுபோல் ஒருமுறை சுண்டிப் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்த்தினான். ஜீப் முனகியது, நிமிர்ந்தது, பாதைக்கு ஏறியது.

"எங்கப்பா பத்து மாடி லிஃப்டையே தூக்குவார். ஜீப்பெல்லாம் ஜுஜுபி!" என்று மகள் ஒன்பது வண்டிகளுக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

டாக்டர் வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தேங்க்ஸ்ப்பா. ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்."

நன்றிக்கு மறுமொழி சொல்லும் பழக்கம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு விட்டுப்போயிருந்தது.

"அட, விடுங்க டாக்டர்" என்றான். கப்பியைக் கழற்ற மேட்டில் ஏறியபோது சீட்டியடித்துக்கொண்டே போனான்.

அந்தச் சமயம் பார்த்து அவள் டாக்டரை நெருங்கினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த உதவியை உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன் டாக்டர். ஆனா, நடிப்புல அந்தக் கை நடுக்கம்தான் கொஞ்சம் அதிகம்."

டாக்டர் சேறு படிந்த தம் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"நான் எதுவும் செய்யலைம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க சொன்ன மாதிரி மாட்டிக்கறதுக்கு நான் பார்த்து வச்சிருக்கற பள்ளம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு."