கை விடும் ஒப்பந்தம்

இரண்டு அமைச்சர்களும் கை குலுக்க ஆரம்பித்துப் பதினேழு நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் விட்டபாடில்லை.

முதலில் கையை விடுகிறவர்தான் இளைத்தவர் என்று நாளைக்குப் பத்திரிகைகள் எழுதித் தள்ளும். அதனால் மீசை அமைச்சரும் விடவில்லை, ஆற்றுக்கு அக்கரை நாட்டு நெட்டை அமைச்சரும் விடவில்லை. இருவர் முகத்திலும் பல் தெரியச் சிரிப்பு வேறு.

நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மீசை அமைச்சரின் புரோட்டோகால் அதிகாரிதான். யார் எந்த வாசலில் நுழைவது, யார் எப்போது உட்காருவது எல்லாம் அவள் பொறுப்பு. இரண்டு நாற்காலிகளின் உயரத்தையும் காலையிலேயே டேப் வைத்து அளந்து முடித்திருந்தாள். கை குலுக்கலுக்கு ஒரு நிமிடம்தான் ஒதுக்கியிருந்தாள், பாவம்.

பேச்சுக்கு இருந்ததே ஒரு மணி நேரம். பதினொன்றுக்கு இருவரும் ஹோட்டலை விட்டு விமான நிலையம் கிளம்பியாக வேண்டும். ஆற்றுப் பாலத்தை மூடி ஆறு வருடமாகிறது. இதுவரை எட்டு முறை பேசியும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு முறையும் அமைச்சர் வாயைத் திறந்ததும் பக்கத்து ஆலோசகர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார், அமைச்சர் திறந்த வாயை மூடிக்கொள்வார்.

அவளுடைய போன் அதிர்ந்தது. அக்கா. அக்காவை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பாலம் திறந்திருந்தால் நடந்தே போய்விடலாம், இப்போது இரண்டு விமானம் மாற வேண்டும். அக்கா மகளுக்கு ஐந்து வயதாகிறது. இவள் இன்னும் அந்தக் குழந்தையைத் தூக்கியதே இல்லை.

"ஏண்டி, டிவியில பார்த்துட்டு இருக்கேன். உங்க ஆளைக் கையை விடச் சொல்லேன்."

"உங்க ஆளை விடச் சொல்லு."

"எங்க ஆள் தங்கமானவருடி. உங்க மீசைதான் உடும்புப் பிடியா பிடிச்சிருக்கு."

"அக்கா, நானே நொந்து போயிருக்கேன். வை போனை."

"இரு இரு. ரெண்டு பேரும் என்னமோ முணுமுணுக்கறாங்களே. சத்தமே வரமாட்டேங்குது."

"கேமராவெல்லாம் கண்ணாடிக்கு வெளிய இருக்கு, எப்படி வரும்? பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திட்டிக்கறாங்க, வேறென்ன."

இரு தரப்பிலும் பதினைந்து பதினைந்து ஆலோசகர்கள். எல்லோரும் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கையை விட வேண்டும், அதற்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். அமைச்சர்கள் எதிரில் அதைப் பேசினால் மரியாதையாக இருக்காது என்று முப்பது பேரும் அடுத்த அறைக்குப் போனார்கள். நாற்காலி போட்டுத் தர அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அங்கே தலைப்பிலேயே தகராறு. 'கை விடும் ஒப்பந்தம்' என்று எழுதினார் இந்தப் பக்கத்து மூத்த ஆலோசகர்.

"நாங்க யாரையும் கைவிடறவங்க இல்ல," என்றார் அந்தப் பக்கத்து மூத்தவர். "'விரல் தளர்த்தல்'னு போடுங்க."

"எந்த விரலை முதல்ல?"

"கட்டை விரலை."

"உங்க அமைச்சருக்குக் கட்டை விரல் நீளம். அது எங்களுக்கு நஷ்டம்."

கட்டை விரலுக்கே இருபது நிமிடம் போயிற்று. அப்புறம், மூன்று என்று சொல்லும்போது விடுவதா, சொல்லி முடித்த பிறகு விடுவதா என்று ஒரு ரகளை. எண்ணுவதற்கு நடுநிலையான ஆள் வேண்டுமென்று ஹோட்டல் மேனேஜரை இழுத்து வந்தார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் அவர் நிற்பதற்கு, அமைச்சர்கள் நடுவே தரையில் காலுக்கு ஒன்றாக இரண்டு வட்டம் போடச் சாக்பீஸும் வரவழைத்தார்கள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

"சார், பாலத்தைப் பத்திப் பேச இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"முதல்ல கை. அப்புறம்தான் பாலம்," என்றார்கள் இரண்டு மூத்தவர்களும் ஒரே குரலில். ஆறு வருடத்தில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒப்பந்தம் தயாராகி, முப்பது பேரும் திரும்பி வந்தார்கள். சாக்பீஸால் போட்ட இரண்டு வட்டங்களிலும் காலை வைத்து நின்று மேனேஜர் எண்ணினார். கைகள் பிரிந்தன. ஆலோசகர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒப்பந்தத்தை மேஜையிலேயே போட்டுவிட்டு, டிவிக்காரர்களுக்குப் பேட்டி கொடுக்க ஓடினார்கள்.

அவள் மட்டும் அங்கேயே நின்றாள். இரண்டு நிமிடத்தில் யார் எதைப் பேச முடியும்?

மீசை அமைச்சர் கையை ஒரு உதறு உதறிவிட்டு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மளமளவென்று நாலு வரி எழுதினார். நெட்டை அமைச்சர் எட்டிப் பார்த்து, "லாரிக்கும் சேர்த்துத்தானே சொன்னீங்க?" என்றார். "அட, ஆமாம்ல," என்று இவர் லாரியையும் சேர்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டு, தாளை அவளிடம் நீட்டினார்கள்.

நாளைக் காலை ஆறு மணி முதல் பாலம் திறந்திருக்கும். அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

"சார், இதை எப்ப சார் பேசினீங்க?"

"பத்து மணியிலேர்ந்து இதைத்தானேம்மா பேசிட்டு இருக்கோம்," என்றார் நெட்டை அமைச்சர்.

"அப்ப, யார் முதல்ல கையை விடறதுன்னு சண்டை இல்லையா சார்?"

மீசை அமைச்சர் வீங்கிய விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"விட்டிருந்தா அந்த முப்பது பேரும் உள்ளயே உட்கார்ந்திருப்பாங்களேம்மா."